தகுந்த ஓர் ஒலி

உயிரே போனாலும் அந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதில்லை என்று தீர்மானித்தேன். கொழும்பு கேட்டாலும் சரி, ஜெனீவா கேட்டாலும் சரி. தீர்மானம் எடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான்.

கையில் கொழும்பிலிருந்து வந்த கடிதம் இருந்தது. என் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், கேட்டு நான் அனுப்பிய விண்ணப்பத்தைப் பரிசீலித்த அலுவலர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். "தங்கள் விவரணத்தில் 'தகுந்த ஓர் ஒலி' எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. அது எந்த ஒலி என்பது விளக்கப்படவில்லை. அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவர் வாசித்துப் பார்த்து அதேபோலச் செய்யக்கூடிய அளவுக்கு விளக்கம் இருத்தல் வேண்டும். உரிய காலத்துக்குள் விளக்கம் கிடைக்காவிடின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்."

கைவிடப்பட்டதாக. அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு விண்ணப்பத்தின் கதி நினைவுக்கு வரவில்லை, என் கதிதான் வந்தது. ஏனென்றால் அந்தத் தகுந்த ஒலி என் மனைவியின் குரல். அது அவளுக்குத் தெரியாது.

ஆக்கவுரிமை என்பது ஒரு பேரம். 'உன் இரகசியத்தை ஒன்றுவிடாமல் ஊரறியச் சொல். பதிலுக்குக் கொஞ்சக் காலம் உன்னை நான் பாதுகாக்கிறேன்' என்கிறது அரசாங்கம். குடும்பத்தில் இதே பேரம் தலைகீழ். சொல்லாத வரைதான் பாதுகாப்பு. இரண்டு சட்டமும் ஒரே மனிதன் மேல் ஒரே காலையில் பாய்ந்தால் அவன் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வான்?

கடிதத்தில் வரும் அந்தச் 'சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவர்' யார் என்றும் யோசித்தேன். சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள் அவர். எல்லாவற்றையும் வாசித்திருப்பார். சொந்தமாக எதையும் யோசிக்கமாட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வார். இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தலையை நிமிர்த்தினேன். எதிரே கண்ணாடி.

நான் வீரசிங்கம். பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி நிரஞ்சலா, தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பானவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். மாலை வரை அது அவளுடைய இராச்சியம். நாங்கள் இருக்கும் குவாட்டர்ஸ் அவள் உத்தியோகத்துக்குக் கிடைத்தது. மின்சார பில் அவள் பெயரில் வருகிறது. தபால்காரர் இது 'டீச்சரம்மா வீடு' என்கிறார். டீச்சராக இருந்தவன் நான். இந்த உலகத்தில் என் பெயர் போட்டு ஏதாவது ஒன்று இருக்கவேண்டும் என்ற ஆசை ஓய்வு பெற்ற மறுநாளே பிடித்துக்கொண்டது. அதற்குத்தான் இந்த ஆக்கவுரிமை.

நிரஞ்சலா கத்தமாட்டாள். கத்துகிறவளாக இருந்தால் எனக்குப் பயமே இருந்திராது. சத்தம் தீர்ந்தால் சண்டையும் தீர்ந்தது என்று இருந்துவிடலாம். அவள் தாழ்ந்த குரலில், நிதானமாக, "என்னங்க. கொஞ்சம் இங்க வாங்க" என்பாள். அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்ச'த்தில் ஒரு சின்ன இறக்கம் இருக்கும். மழைக்கு முன்னால் நமுனுகுல மலையில் மேகம் இறங்குவது போல. என்ன குற்றம் என்று நமக்குத் தெரியாது. ஆனால் போகிற வழியிலேயே நாம் அதைச் செய்திருப்போம் என்ற நம்பிக்கை வந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் கேரட்டும் லீக்ஸும் போட்டிருந்தேன். நான் போட்டது குரங்குகளுக்கு என்று அவை எடுத்துக்கொண்டன. தகரம் தட்டினேன். ஒரு குட்டி தாளத்துக்குத் தலையாட்டியது. பட்டாசு கொளுத்தினேன். அதற்குப் பயந்து குதித்தவன் நான் மட்டுமே. போனில் சிங்கம் கர்ஜிப்பதைப் போட்டேன். இந்த நாட்டில் சிங்கம் கொடியில்தான் இருக்கிறது என்பது அவற்றுக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் நானே நாய் மாதிரிக் குரைத்துப் போனில் பதிவு செய்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாக நின்று குரைப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த நிரஞ்சலா என்னைக் கூப்பிட்டாள். அதுவும் பதிவாகிவிட்டது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் போனைப் பாத்தியில் வைத்து ஓடவிட்டேன். நான் குரைத்தேன், குரங்குகள் மென்றன. அடுத்து அவள் குரல் வந்தது. என்னங்க. கொஞ்சம் இங்க வாங்க.

தலைவன் குரங்கு கேரட்டைக் கீழே வைத்தது. எறியவில்லை, வைத்தது. எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எழுந்து வரிசையாகச் சரிவில் இறங்கிப் போயின. அவை ஓடவில்லை, கிளம்பிப் போயின என்பதை நான் அன்றைக்கே குறித்துக்கொண்டிருக்கவேண்டும். ஆனால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நானும் கிளம்பிவிட்டேன். சமையலறையை நோக்கிப் பாதித் தூரம் போய்விட்டிருந்தேன். வீட்டில் யாருமே இல்லை, அது போன் என்பது வாசற்படியில்தான் உறைத்தது.

ஒரே ஒலி. இரண்டு இனம். ஒரே விளைவு. விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பதுளை நகரத்தில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் முன்ஸிப்பிடம் போனேன். அசைவு தெரிந்தால் தானே ஒலிக்கும் ஒரு பெட்டி செய்து தந்தார். ஸ்பீக்கர், பெட்டரி, வெயிலில் சார்ஜ் ஆக மேலே ஒரு தகடு. குரலை மட்டும் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நானே ஏற்றினேன். 'வானர விலக்கி' என்று பெயர் வைத்தேன். உரிமை கிடைத்தால் இதையே நிறையச் செய்து வெலிமடை மரக்கறித் தோட்டக்காரர்களுக்கு விற்பதாக முன்ஸிப் சொன்னார். பெட்டியின் நெற்றியில் என் பெயரைப் பொறிக்கவும் சம்மதித்தார்.

காலையில் நிரஞ்சலா படியிறங்கியதும் பெட்டியை முடுக்குவேன். மாலையில் அவள் குடை வளைவில் தெரிந்ததும் ஓடிப்போய் அணைப்பேன். ஒருநாள் மறந்தால் என் ஆயுள் அன்றைக்கு முடிந்தது. இந்த ஓட்டத்தில் நான் மெலிந்துபோக, பார்த்தவர்கள் சீனி வருத்தமா, நீரிழிவா என்று விசாரித்தார்கள்.

பெட்டி என்ன சத்தம் போடும் என்று அவள் ஒருமுறை கேட்டாள். மனுஷக் காதுக்குக் கேட்காத சத்தம் என்றேன்.

"அப்ப நான் பேசுற மாதிரின்னு சொல்லுங்க. அதுவும் உங்களுக்குக் கேக்குறதில்லையே."

சிரிக்கவேண்டிய இடம். எனக்கு வியர்த்தது.

இந்த நிலையில்தான் கொழும்புக் கடிதம். குளியலறையில் எடுத்த தீர்மானம் வெளியே வந்ததும் ஆட்டம் கண்டது. எழுதாவிட்டால் என் பெயர் பொறித்த பெட்டி இல்லை. எழுதினால் அது பகிரங்க ஆவணம். 'குரங்குகளை விரட்டவல்ல ஒலி, விண்ணப்பகாரரின் மனைவியினது' என்று நாடே வாசிக்கும். நாடு வாசித்தால் பரவாயில்லை.

பண்டிதத் தமிழில் ஒளித்துவைக்கப் பார்த்தேன். 'முதிர்ந்த பெண்பால் ஒலி, தாழ்ந்த சுருதி, விளிக்கும் இயல்பினது' என்று எழுதி வாசித்தால் எனக்கே புரிந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். பிறகு ஒரு யோசனை. எந்தப் பெண் குரலானாலும் வேலை செய்யும் என்று நிரூபித்துவிட்டால் யார் குரல் என்று எழுதத் தேவையில்லையே. ஆனால் முதலில் பெட்டி வேறு ஊரிலும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்றார் முன்ஸிப். அவருடைய மச்சானுக்கு வெலிமடையில் லீக்ஸ் தோட்டம் இருந்தது. நிரஞ்சலா மடுவத்துக்குப் போன கையோடு பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஒரு குழிக்கு ஒருதரம் சாக்குக்குள் இருந்து அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் நான் ஆசனத்தை விட்டு எழுந்தேன். பக்கத்திலிருந்தவர் தமக்கு இடம் விடுகிறேன் என்று நினைத்து ஜன்னலோரம் நகர்ந்தார்.

தோட்டத்தில் காத்திருந்த முன்ஸிப்பும் நானும் பெட்டியை வைத்தோம். குரங்குகள் வந்தன. பெட்டி பேசியது. முன்ஸிப் என்னைப் பார்த்தார்.

"சேர். இது டீச்சரம்மாட குரல்தானே."

ஆமென்றேன். டீச்சரம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லையென்றேன். முன்ஸிப் இரண்டு அடி தள்ளி நின்றார். இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை, தான் வெறும் வயர் பூட்டியவன் என்று லீக்ஸ் பாத்திகளைச் சாட்சி வைத்துச் சொன்னார்.

குரங்குகளோ அசையவில்லை. ஒன்று பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்தது. கீழிருந்து நிரஞ்சலா கூப்பிடக் கூப்பிட அது லீக்ஸ் தின்றது. என் வாழ்நாளில் அந்தக் குரலுக்கு அசையாத ஒரு பிராணியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் தைரியம் எனக்குப் பீதியை உண்டாக்கியது. அதற்கு என்ன ஆகுமோ என்றிருந்தது.

வெலிமடைக் குரங்குகளுக்குத் தமிழ் விளங்காதோ என்று முன்ஸிப் சந்தேகப்பட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீங்க எழுதினபடி பெட்டியச் செஞ்சேன் சேர். இப்ப குரலையும் தந்திட்டீங்க. அப்பயும் வேல செய்யுதில்ல. இன்னும் என்னமோ ஒண்டு குறையுது. கொழும்பு கேட்டது ஞாயம்தான்."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உண்மையான பயம் வந்து பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தது. இதுவரை தெரிந்ததை மறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மறைக்கவேண்டிய பொருளே எனக்குத் தெரியவில்லை. என் பாத்தியில் வேலை செய்த ஒலி வெலிமடையில் ஏன் செய்யவில்லை? விடை தெரிந்த ஒரே ஆள், கேட்கக்கூடாத ஒரே ஆள்.

வீட்டு வாசலில் செருப்பு கிடந்தது. அவள் முந்திவிட்டாள். பெட்டியை முன்ஸிப்பிடமே விட்டுவிட்டு வந்திருந்தேன் என்பது ஒன்றே ஆறுதல். பூனை மாதிரி உள்ளே நுழைந்தேன்.

"என்னங்க. கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். சமையலறையில் பலகைமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெட்டி எங்க?"

"ரிப்பேருக்கு. முன்ஸிப் கடையில."

"வெலிமடையில எப்பக் கடை தொறந்தாரு?"

முன்ஸிப்பின் மனைவி நளீரா இவளுக்குப் போன் செய்திருக்கிறாள். வீட்டுக்குப் போன முன்ஸிப், பயத்தில் முழுவதையும் அவளிடம் ஒப்புவித்திருக்கிறார்.

"என் குரல் அங்க எடுபடலையாமே," என்றாள் நிரஞ்சலா.

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. அவள் கீரைத்தண்டைத்தான் ஒடித்தாள்.

"எப்பருந்து தெரியும்?"

"பெட்டி வச்ச அன்னைக்கே. வேளை கெட்ட வேளையில குரங்கெல்லாம் மடுவத்துக்குப் பின்னால வந்து வரிசையா நிக்குதுக. நான் கூப்புடலையேன்னு மேல ஏறி வந்து பார்த்தா, கேரட் பாத்திக்குள்ள இருந்து நானே கூப்புட்டுக்கிட்டு இருக்கேன்."

"நீ குரங்கைக் கூப்புடுவியா?"

"பிள்ளைக சோத்துத் தட்டுல வந்து கைய வைக்குதுக. வெரட்டினா இன்னும் ஒண்ணச் சேத்துக்கிட்டு வருதுக. அதான் பிள்ளைகளுக்குப் போடுறதுக்கு முன்னாடியே பின்பக்கமாக் கூப்புட்டு மிஞ்சின கஞ்சி, ரொட்டி, எதையாவது வச்சிருவேன். தின்னுட்டுப் பேசாமப் போயிருங்க."

"என்னன்னு கூப்புடுவ?"

"என்னன்னு கூப்புடுறது? கொஞ்சம் இங்க வாங்கன்னுதான்."

"குரங்குக்கு 'வாங்க'வா?"

"மரியாதையாக் கூப்புட்டா எதுவும் வரும்."

நான் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன். வெலிமடைக் குரங்குகளுக்கு இவள் கஞ்சி வைத்ததில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனாலும் விஞ்ஞானம் என்னை விடவில்லை. கடைசிச் சந்தேகத்தையும் கேட்டேன்.

"அப்ப அதுக பயந்து ஓடலையா?"

"யாருக்குப் பயந்து?"

"உன் குரலுக்கு."

இப்போதுதான் நிமிர்ந்தாள். உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"சோறு போடுறவளுக்கு யாராவது பயப்படுவாங்களா?"

எனக்கும் அவள்தான் போடுகிறாள்.

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். குரங்குக்குச் சாப்பாடு வைப்பது அறிவில்லாதவர்கள் வேலை என்று கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசிய விஞ்ஞான ஆசிரியரின் மனைவி அவள் என்பதை ஞாபகப்படுத்தினாள். அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. அடுத்து, பெட்டி வந்தபின் பட்ட பாட்டைச் சொன்னாள். முன்பு நாளுக்கு ஒரு பந்தி. இப்போது பெட்டி பொழுது பூராவும் கூப்பிடுகிறது. கூப்பிட்டு வந்ததை வெறும் கையோடு அனுப்பினால் மடுவத்துக் கூரையைப் பிரித்துவிடும். மிஞ்சின கஞ்சி எந்த மூலைக்கு? ஆகவே எங்கள் பாத்திக் கேரட்டைத்தான் கொண்டுபோய், கழுவி நறுக்கி வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு என்று சொல்லிக் கூடையோடு எடுத்துப் போனபோது, பால் குடிக்கும் வயதில் பச்சைக் கேரட்டை எதனால் கடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கண்பார்வைக்கு நல்லது என்றுதான் பெருமைப்பட்டேன்.

ஆக, என் கண்டுபிடிப்புக்கு முன்னால் அந்தக் குரங்குகள் மண்ணைத் தோண்டி, அழுக்கோடு, தகரச் சத்தத்தைச் சகித்துக்கொண்டு என் கேரட்டைத் தின்றன. கண்டுபிடிப்புக்குப் பின்னால் அதே கேரட்டை, கழுவி நறுக்கி, அழைப்பின் பேரில் தின்கின்றன. இதைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று சொல்லலாம்.

"அந்தக் கொழும்புக் கடுதாசிய எடுத்து வாசிங்க," என்றாள். குளியலறையில் நான் சத்தமாக யோசிப்பது முற்றம் வரை கேட்குமாம். வாசித்தேன். சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவர் என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவரு கேக்குறது சரிதானே. பாதியச் சொல்லிட்டுப் பாதிய ஒளிச்சா எப்புடிச் செய்யுறது? எழுதுங்க. ஒண்ணையும் விடாம எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் கொஞ்ச நாள் ஒரே குரலில், ஒரே சொல்லில், ஒரே இடத்தில் உணவு வைத்துப் பழக்கவேண்டும். அந்தக் குரலையே பெட்டியில் ஏற்றவேண்டும். பெட்டி கூப்பிடும்போதெல்லாம் அந்த இடத்தில் உணவு தயாராக இருக்கவேண்டும். எழுதியதை வாசித்தபோது எனக்கே இதைச் செய்துவிடலாம் போலிருந்தது. விவரணம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். பயத்தினிடையிலும் ஓர் ஆசிரியனுக்குரிய மகிழ்ச்சி ஏற்பட்டது.

அது நிலைக்கவில்லை.

"கண்டுபிடிச்சது யாருன்னு ஒரு எடம் இருக்குமே."

"அதுல என் பேரு போட்டாச்சு," என்றேன், தாளின்மேல் முழங்கையை ஊன்றி.

"குரல் யாருது?"

"உன்னுது."

"குரங்கப் பழக்குனது?"

"நீதான்."

"நறுக்கிப் போட்டது?"

நான் முழங்கையை எடுத்தேன். அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். அவளுக்குத் திருப்தியில்லை. மடுவத்தில் குழந்தைகளைப் பார்ப்பதா, நாள் பூராவும் கேரட் நறுக்குவதா என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டாள். வீட்டில் சும்மா இருக்கும் ஆள் ஒருவர் இருக்கும்போது வேலைக்குப் போகிறவள் எதற்கு நறுக்கவேண்டும் என்றும் கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே குரங்குகள் இருந்தன. அவையும் என்னைப் பார்த்தன.

"அதையும் எழுதுங்க," என்றாள். "ஒண்ணையும் மறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல."

எழுதினேன். உறுப்பு ஒன்று, அசைவை உணர்ந்து ஒலிக்கும் பெட்டி. உறுப்பு இரண்டு, பழக்கப்பட்ட குரல். உறுப்பு மூன்று, ஒலி எழும் வேளைகளில் உணவைக் கழுவி நறுக்கி வைக்கும் பொருட்டு வீட்டிலிருக்கும் கணவர் ஒருவர்.

தபாலில் போட்டுவிட்டு வந்து கேரட் நறுக்க உட்கார்ந்தேன். இதைப் படிக்கும் அலுவலர் என்ன நினைப்பார் என்ற பயம் பகலெல்லாம் கூடவே இருந்தது. கத்தி வேறு கையில் இருந்ததால் ஆபத்து அதிகம். தபால்காரர் வரும் சத்தம் கேட்டால் கேரட்டுக்குப் பதில் கட்டைவிரல் பலகைக்கு வந்தது. ஆனாலும் ஒரு சின்ன நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியும் பெயரும் போனாலும், அந்த மூன்றாவது உறுப்பு நான்தானே. அரசாங்க ஆவணத்தில், பெயரில்லாமலாவது, ஒரு புதுக் கண்டுபிடிப்பின் பகுதியாக நான் இருப்பேன்.

பதில் வந்தது. உறையில் 'திருமதி நிரஞ்சலா அவர்கள்' என்றிருந்தது. அவள்தான் பிரித்தாள், என்னை வாசிக்கச் சொன்னாள். கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன்.

"தங்கள் விளக்கம் இப்போது முற்றிலும் போதுமானது. சாதாரண தேர்ச்சியுள்ள எவரும் இதனைச் செய்துகொள்ளலாம். எனினும், உறுப்பு மூன்று நாடெங்கும் வெகுகாலமாகப் பாவனையில் உள்ளதால் அதற்குப் புதுமை கோர இயலாது."